மூன்று புரோகிராம், ஒரே 'கிளியர்'

நூற்றைம்பது பேரைக் காலை டிபன் இல்லாமல் உட்கார வைத்தவன் நான். அதில் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை, என் அக்கா கலாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். வைட்ஃபீல்டில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராமராக இருந்தேன். (சேர்ந்து எட்டு மாதம். காய்கறி வாங்கப் போகும்போதும் ஐடி கார்டைக் கழற்ற மாட்டேன்.) அல்சூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மூன்று புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம்: ஹால் புக்கிங்குக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, ரூம்களுக்கு ஒன்று. எழுதியவர்களும் மூன்று பேர். ஒரு புரோகிராமிடம் வேலை வாங்கும் கட்டளைக்கு மெத்தட் என்று பெயர். ஒரே வேலையைச் செய்யும் மெத்தடுக்கு மூன்றிலும் மூன்று பெயர் இருந்தது.

"ஒரே கெலசத்துக்கு எதுக்குப்பா மூணு பேரு? எல்லாத்தையும் ஒரே மாதிரி பண்ணிடு," என்றார் மேனேஜர் சாந்தா மேடம். (கெலசம் என்றால் கன்னடத்தில் வேலை.) "பேரு மட்டும் இல்ல, உள்ள என்ன பண்ணுதுன்னும் பாரு."

முதல் பாதியைத்தான் நான் கேட்டுக்கொண்டேன்.

மற்றதற்கெல்லாம் ஒரே பெயர் வைத்தேன். 'கிளியர்' என்ற மெத்தட் மட்டும் ஏற்கெனவே அதே பெயரில் மூன்றிலும் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் மூன்றிலும் அது ஓடும்படி செய்து, மண்டபத்தில் போட்டும் விட்டேன். பெருமை தாங்காமல் அக்காவின் நிச்சயதார்த்தத்தையும் அங்கேயே வைக்கச் சொன்னேன். "நம்ம சாஃப்ட்வேர் ஓடுற எடம்ப்பா!"

ஞாயிற்றுக்கிழமை காலை நீலசந்திராவிலிருந்து குடும்பத்தோடு போய் இறங்கினோம். சமையலறையில் அடுப்பே எரியவில்லை. மாப்பிள்ளையின் அத்தை ரூமைத் திறந்தவர், யாரோ போட்டுப்போன வாடிய மாலைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

மண்டப மேனேஜர் சமையல்காரருக்குப் போன் செய்தார். "இன்னிக்கு ஒண்ணுமில்லன்னு கம்ப்யூட்டர் பேப்பர் வந்திச்சே சார்! நான் கோலார்ல ஒரு கல்யாணத்துல இருக்கேன்."

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை அப்பா வந்து தேதி சரிதானா என்று விசாரித்திருக்கிறார். மண்டப மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு, வழக்கம்போல் 'கிளியர்' அழுத்தியிருக்கிறார். ஹால் புரோகிராமில் அது திரையை மட்டும் துடைத்தது. ரூம் புரோகிராமில் அறைகள் சுத்தமாகிவிட்டதாகக் குறித்துக்கொண்டது. சமையலில் ஆர்டரையே ரத்து செய்துவிட்டது.

"என்னடா ஆச்சு?" என்றார் அப்பா.

"மூணும் ஒரே பேருப்பா... ஆனா..."

"கல்யாணம் நிக்கப்போவுது, பேரு சொல்றான்!"

மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவரோ, "ஸ்கூட்டர் இருக்கா? வாங்க," என்றார். மார்க்கெட் பக்கம் ஐந்து ஹோட்டல் ஏறி இறங்கினோம். இட்லி ஒரு கடை, வடை ஒரு கடை, சாம்பார் மூன்று கடை. மூன்று சாம்பாரையும் ஒரே அண்டாவில் ஊற்றினோம். (அது மட்டும் பிரச்சினையில்லாமல் ஒன்றானது.) பதினோரு மணிக்குப் பந்தி. மாப்பிள்ளையின் அத்தை இரண்டாவது வடை கேட்டபோதுதான் அம்மா உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை சாந்தா மேடம் திட்டவில்லை. என்னை எதிரில் உட்கார வைத்து, மூன்று புரோகிராமின் எல்லா மெத்தடுகளையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார்: பெயர் என்ன, செய்வது என்ன. நான்கு நாள் வாசித்தேன். ரத்து செய்வதற்குத் தனிப் பெயர் வைத்து, "நிச்சயமா?" என்று ஒரு கேள்வியும் சேர்த்தேன்.

அந்த மாப்பிள்ளை இப்போது என் மாமா. இன்றும் விசேஷங்களில் சாப்பிட்டவர்களின் இலையை எடுக்க நான் குனிந்தால் போதும், பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்துவார்:

"மச்சான், நீ கிளியர் பண்ணாதே! அடுத்த பந்திக்கு இன்னும் ஆள் இருக்கு!"