என் முதல் மனைவியின் மஞ்சரிக்காம்பு

எனக்கு இரண்டு மனைவிகள். மூத்தவளை என் கையாலேயே வெட்டினேன். (பதறாதீர்கள், வெட்டச் சொன்னதே புரோகிதர்தான்.)

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டியூட்டராக இருந்தேன். வீடு திருக்கழுக்குன்றத்தில். மாமல்லபுரத்து மளிகைக் கடைக்காரரின் மகள் சரோஜாவை நிச்சயம் செய்திருந்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டால்கூட அவள் பெயர்தான் வாயில் வரும், அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. ஆனால் என் ஜாதகத்தில் தோஷம். முதல் மனைவி தங்க மாட்டாளாம். பரிகாரமாக முதலில் ஒரு வாழைமரத்துக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட வேண்டும்.

எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. நம்பாதவன் சும்மா இருந்திருக்கலாம். வெட்டுவதுதான் வெட்டுகிறோம், வகுப்புக்காவது உதவட்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் காம்புகள் பாடம். இலையைத் தாங்குவது இலைக்காம்பு, ஒற்றைப் பூவைத் தாங்குவது பூக்காம்பு, பூங்கொத்து முழுவதையும் தாங்குவது மஞ்சரிக்காம்பு. வாழையில் நாம் மரம் என்று நினைப்பது வெறும் இலைமடல்கள். மஞ்சரிக்காம்பு (நாம் பொரியல் செய்து சாப்பிடுகிற அதே தண்டு) கிழங்கிலிருந்து கிளம்பி, அந்த மடல்களுக்கு நடுவே இருட்டில் ஏறி, உச்சியில் பூவாக எட்டிப் பார்க்கும். ஆகவே கொல்லையில் குலை தள்ளப்போகிற மரமாகப் பார்த்து மணமகளாக்கினேன்.

"அடியோட வெட்டுப்பா" என்றார் புரோகிதர். பூ உச்சிக்கு வந்திருக்கும், மேல்பாதி போதும் என்று தாலிக்கயிற்றுக்கு மேலே, இடுப்பளவில் வெட்டினேன். கல்லூரியில் கடைசி மடல்வரை உரித்தும் உள்ளே குருத்தைத் தவிர ஒன்றுமில்லை. மாணவர்கள் சிரித்தார்கள். காம்பு இன்னும் அவ்வளவு உயரம் ஏறவில்லை என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மா கொல்லையிலிருந்து மெல்லக் கூப்பிட்டாள். "டேய், இங்க வா. அவ எழுந்துக்கறாடா."

வெட்டிய இடத்தின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று விரற்கடை உயரம் வந்திருந்தது. நான் விளக்கம் சொன்னேன். அம்மா கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள். சில நாளில், தாலிக்கு மேலே, தலையில்லாத அந்தக் கழுத்திலிருந்து கருஞ்சிவப்பு மொட்டு ஒன்று வெளிப்பட்டுக் குனிந்து நின்றது. தாலி கட்டியபோது மரத்துக்குச் சுற்றியிருந்த மஞ்சள் துணியில் வாழைப்பால் வழிந்து பழுப்பாகக் காய்ந்திருந்தது. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அது எங்கள் ஜன்னலையே பார்த்தது. விளக்கம் தெரிந்த நானே அந்தப் பக்கம் ஒன்றுக்குப் போவதை நிறுத்தினேன்.

அந்த நேரம் பார்த்து, மலைக்கோயிலில் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டு மாமனாரும் சரோஜாவும் வீட்டுக்கு வந்தார்கள். கால் கழுவக் கொல்லைக்குப் போன மாமனார் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். சொம்போடு அப்படியே நின்றிருந்தார்.

"இன்னா மாப்ளே இது?"

"மஞ்சரிக்காம்பு, மாமா."

"பேரக் கேக்கல. செத்துச்சா, உசுரோட கீதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாத்தியார் புத்தி விடவில்லை. "கிழங்கு மண்ணுக்குள்ள உயிரோட இருக்கு மாமா. காம்பு அது பாட்டுக்கு ஏறுது" என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "மூத்தவ சாவல. அப்போ அந்தச் சாவு யாருக்கு வரும்? எம் பொண்ணுக்குத்தானே? வேணாம்பா. சரோஜா, கெளம்பு."

கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவி ஓங்கினேன். "இப்பவே வெட்டிடறேன் மாமா."

"கீழ போடுங்க" என்றாள் வாசற்படியில் வந்து நின்ற சரோஜா. அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

நேரே மொட்டிடம் போய், கோயில் குங்குமத்தை அதன் நெற்றியில் வைத்தாள். "நைனா, ஒரு தபா வெட்டியும் பூவும் தாலியுமா நிக்கிறாங்க. இவங்க என்னை இன்னா செய்யப் போறாங்க? பொண்டாட்டிய ரெண்டாந்தபா வெட்ட வர்ற கையப் பாத்தாத்தான் எனக்கு பயமா கீது. இவர் இனிமே வாழையத் தொடக்கூடாது. ஒத்துகினா கல்யாணம்."

ஒத்துக்கொண்டேன். இன்றுவரை எங்கள் வீட்டில் குலை வெட்டுவது சரோஜாதான். எனக்கு இலை நறுக்கக்கூட அனுமதியில்லை. அந்தக் கிழங்கின் கன்றுகள் வழிவழியாக ஜன்னலோரம் நிற்கின்றன. பிள்ளைகளுக்கு அது பெரியம்மா. விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

சில மாலைகளில், காற்றே இல்லாதபோது, இலை ஜன்னலைத் தட்டும். சரோஜா கீரை ஆய்ந்தபடி தலை நிமிராமல் சொல்வாள்: "உங்களத்தான் கூப்பிடறாங்க. போய் இன்னான்னு கேளுங்க."

நான் போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.