கடனே இல்லாதவரின் பேஸ்மேக்கர்

இருசப்பன் தம் மைத்துனன் சேதுவுக்கு மூவாயிரம் மலேசிய வெள்ளி கடன்பட்டிருக்கிறார். நாலு வருஷக் கடன். இதை நானே முதலில் போட்டு உடைத்துவிடுகிறேன். அவர் வாயிலிருந்து வராது. யாருக்கும் பத்துக் காசு கடன்படாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு, ஐயா. கோலசிலாங்கூரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் நாலு பேர் அகப்படுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அடையாளம் வேண்டுமா? தோட்டத்து லயத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் தொற்றிக்கொண்டு, இன்று புக்கிட் பெலிம்பிங்கில் சொந்தமாக மூன்று லோரி நிறுத்தியிருப்பதை, மணி என்ன என்று கேட்டவனிடமும் சொல்வார்கள். "மூணாம் வகுப்பு, மூணு லோரி!" சட்டைப்பையில் நூறு வெள்ளித் தாள்கள் புடைத்திருக்கும். வெளியே மட்டும் வராது.

இப்படிப்பட்ட இருசப்பன், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைக்க மைத்துனனிடம் கை நீட்டியதை வெளியே சொல்வாரா? சேதுவும் லேசுப்பட்டவன் இல்லை. வட்டிக்காரன் ஏடிஎம் கார்டைப் பிடித்து வைப்பதுபோல, கடன் அடையும்வரை என்று, பேஸ்மேக்கரோடு வந்த மாடல் விவரக் கார்டைப் பிடித்து வைத்துக்கொண்டான்.

இப்போது இருசப்பனுக்கு முதுகுவலி, கால் மரத்துப்போகிறது. புது டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டி வந்ததும் சேதுதான்.

ஸ்கேன் அறை வாசலில் தனேஸ்வரி என்ற ஊழியர் படிவத்தோடு நின்றார்.

"ஐயா, உடம்புக்குள்ள பேஸ்மேக்கர், கம்பி ஏதாச்சும் இருக்கா?"

"உழைப்பு இருக்கு. எழுதிக்கம்மா."

அங்கி மாற்றி வந்ததும், தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவு மேடும் அதன்மேல் தையல் தழும்பும் தெரிந்தன.

"இது என்னங்கய்யா?"

"லோரி கதவு இடிச்சது லா."

"கதவு தையலும் போட்டுச்சா?" தனேஸ்வரி சிரிக்கவில்லை. "உள்ள இருக்கிறது பெரிய காந்தம். சில பேஸ்மேக்கர் தாங்கும். சிலது கெட்டுப்போய் உயிருக்கே ஆபத்து. எந்த மாடல்னு பார்த்து, இதய டாக்டர் சரின்னு சொன்னாத்தான் விடுவேன். கார்டு எங்க?"

இருசப்பன் சேதுவைப் பார்த்தார். சேது கூரையைப் பார்த்தான்.

"கார்டைக் குடு லா, சேது."

"எந்தக் கார்டு மச்சான்? நீங்கதான் யாருக்கும் கடன் இல்லையே!"

வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேரும் காதைத் தீட்டினார்கள். இரண்டு பேர் புக்கிட் பெலிம்பிங்காரர்கள். உயிரா, பேரா? இருசப்பன் நிஜமாகவே அரை நிமிஷம் யோசித்தார். நானாக இருந்தால் ஒரு நிமிஷம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கார்டு எந்த மைத்துனன் பையில் கிடக்கிறது என்று மட்டும் ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

இருசப்பன் கழற்றி வைத்த சட்டையிலிருந்து பணக்கட்டை எடுத்தார். பின்பக்கம் திறந்த அங்கியை அதுவரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். தாள் எண்ண இரண்டு கை வேண்டுமே? அங்கியை விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊர் பார்க்க, ஊர் கேட்க, சேது விரித்த உள்ளங்கையில் முப்பது தாளையும் எண்ணி வைத்தார்.