நாலு பேயும் ஒரு மாமாவும்

ஞாயிற்றுக்கிழமை வானதிக்கு அரசு வேலைக்கான பரீட்சை. வயசு வரம்பு தாண்டப் போகிறது. இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. அவளுக்குத் துணையாக இருக்கவென்றே புருஷன் ராஜராஜன் லீவு போட்டிருந்தான். அடிக்கடி கதவைத் திறந்து, "நீ படி, நான் தொந்தரவு பண்ணல. ஒரு காபி மட்டும் குடு" என்பான்.

இந்த நேரம் பார்த்தா அவளுடைய தாய்மாமா சிங்காரவேலு மயிலாடுதுறையிலிருந்து வந்து இறங்க வேண்டும்! வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

'முதல்ல இவரைக் கிளப்பணும்' என்று முடிவு கட்டினான் ராஜராஜன். மாமாவுக்குப் பேய் என்றால் ஆகாதாம், வானதிதான் சொன்னாள். டிவியில் ஒரு தாய்லாந்துப் பேய்ப் படத்தைப் போட்டான். ஒரே படத்தில் நாலு கதை. ஏதாவது ஒன்றுக்குப் பயந்து ஊரைப் பார்க்க ஓடமாட்டாரா?

முதல் கதையில் காலி வீட்டில் பேய்.

"ஒரு சொட்டு ரத்தம் காட்டாம நடுங்க வைக்கிறான் மாப்ள, கெட்டிக்காரன்! என் வீடும் காலியாத்தான கெடக்கு? நான் போகமாட்டேன்."

இரண்டாவது கதையில் ரயிலில் பேய். ரயிலும் போச்சு. மூன்றாவதில் பஸ்ஸில்.

"இது சுத்த இழுவை. இருந்தாலும் பஸ் வேணாம் மாப்ள."

நாலாவது சிரிப்புப் பேய். விழுந்து விழுந்து சிரித்தவர், முடிந்ததும் ராஜராஜனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதன்பின் கொல்லைப்பக்கம் போகக்கூட அவன்தான் துணை.

சனிக்கிழமை காலையிலேயே, "திருவிடைமருதூர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிடித்த பீடையைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டு வேறு வாசல் வழியாக வெளியேறுவது அங்கே வழக்கம். தஞ்சாவூரிலிருந்து பைக்கிலேயே போனார்கள். கும்பிட்டு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, பைக் கிழக்கு வாசலில் நிற்கிறது.

"அய்யய்யோ, அங்கதான அது காத்துக்கிட்டிருக்கும்! நீங்க போய் எடுத்துட்டு வாங்க."

எடுத்து வந்தான். மாமா ஏறவில்லை. "பின் சீட்டுல உக்காந்து வந்திருந்தா? ஆத்துத் தண்ணிய ஊத்திக் கழுவுங்க."

கழுவினான். வண்டி கிளம்ப மாட்டேனென்றது. மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து வீடு வந்து சேர விளக்கு வைத்துவிட்டது. 'பக்கத்துல இருந்து அவளைப் படிக்க வைக்க முடியலயே' என்று ராஜராஜனுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் பரீட்சை எழுதிவிட்டு வானதி சிரித்த முகமாக வந்தாள். "ஒரு கேள்வி விடல! இப்படி நிம்மதியா நான் படிச்சதே இல்ல. ரொம்ப நன்றி மாமா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாரு கண்ணு" என்றபடி மாமா பையைத் தூக்கினார். "ரயிலுக்கு நேரமாச்சு."

ராஜராஜன் திகைத்துப்போனான். "தனியாவா? ரயில்லயா? பேய்க்குப் பயந்தீங்களே மாமா!"

"பேய்க்கு யாரு பயந்தா? 'இவரு வீட்ல இருந்தா நான் பாசாக மாட்டேன், எங்கயாச்சும் இழுத்துட்டுப் போங்க மாமா'ன்னு இவ போன்ல அழுதா பாருங்க, அதுக்குத்தான் பயந்து ஓடியாந்தேன் மாப்ள!"