ஒன்பது முறை அணைத்துப் போட்ட கம்ப்யூட்டர்

அரைகுறையாகப் படித்தவனிடம் ஒரு நல்ல கம்ப்யூட்டரை ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அரைகுறை நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். யூனிக்ஸ் மெஷின். மதுரையில் பதினைந்து நாள் பயிற்சி பெற்றிருந்ததால் என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்று நானே சட்டம் போட்டிருந்தேன். (தொட யாரும் ஆசைப்படவில்லை என்பது வேறு விஷயம்.) இன்னும் ஒரு வாரத்தில் வேலை நிரந்தரமாக வேண்டும். மனசெல்லாம் அதுதான்.

அன்று காலை பிரிண்டரில் பில் வரவில்லை. நூல் ஏற்றிய லாரி வாசலில் நின்றது. எனக்குப் பயிற்சி கொடுத்த மதுரை இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது திரையில ஓடுற மெசேஜ் எல்லாத்தையும் பார்த்துச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஓடும் என்றால் நிஜமாகவே ஓடியது. முதல் முறை மெஷினை அணைத்துப் போட்டதில் எனக்குக் கிடைத்தது ஒன்றரை வரி. உடனே படை திரட்டினேன். தொடக்க வரிகளுக்கு ஸ்டோர் கிளார்க், கடைசி வரிகளுக்கு நான். தலைதெறிக்க ஓடும் நடுப்பகுதிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஸ்டெனோ மல்லிகா, ஷார்ட்ஹேண்டில்.

மூன்றாம் முறை மல்லிகா கேட்டார்: "சார், இம்புட்டையும் அந்த மெஷினே எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காதா?"

"அது மெஷின்மா, ஸ்டெனோ இல்ல." அதை நல்ல பதில் என்றே அன்று நினைத்தேன்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, பரீட்சையா நடக்கு? லாரிக்காரன் கெடந்து கத்துதான்."

"செத்த நேரம் சார்!"

ஒன்பது முறை அணைத்துப் போட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்ஜினியருக்குப் பெருமையாக வாசித்தேன்.

"இதை எப்படி எடுத்தீங்க?" என்றார். சொன்னேன். "எல்லாம் தானா ஒரு ஃபைல்ல விழுந்திருக்குமே சார். பயிற்சியிலயே சொன்னேனே" என்றார்.

மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்க, அந்த ஃபைலைத் திறந்தேன். பிரிண்டர் ஒயர் கழன்றிருப்பதற்கான வரி அதில் இருந்தது. கூடவே, நான் மெஷினை அணைத்துப் போட்ட ஒன்பது முறையும் மணி, நிமிஷத்தோடு இருந்தன. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

மேனேஜர் திட்டவில்லை. என் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுவதாகக் கடிதம் மட்டும் வந்தது. டைப் அடித்தவர் மல்லிகா.

அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் சாமி படம் கிடையாது. அந்தக் கடிதத்தின் கார்பன் நகல்தான் இருக்கிறது. விருந்தாளிகள் அதைச் சத்தமாக வாசித்து முடித்த பிறகுதான் அடுத்த பக்கம் புரட்ட மல்லிகா விடுகிறாள்.