சனிக்கிழமை வரை எடியை மேலே கூப்பிட வேண்டாம்

கெல்லர்டன், நெப்ராஸ்கா
ஆகஸ்ட், புதன்கிழமை

ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர், பெருமதிப்பிற்குரிய ஆல்டன் ப்ரிட்ஜர்ஸ் அவர்கள் சமூகத்துக்கு மைலோ வோண்ட்ரா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் மனைவி ஆர்லீனும் மகள் கார்லாவும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் ஆட்டக்காரர்களின் முழங்கை, முதுகு, தொடை முதலியனவும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் பிரார்த்திக்கிறேன். இது சம்பிரதாயத்துக்கு எழுதுவதல்ல. உங்கள் அணியில் யாருக்காவது சுளுக்கினால் என் வீட்டுக் கல்யாணம் நின்றுபோகிறது.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் பழைய டிராக்டர்களை வாங்கி விற்று ஓய்வு பெற்றவன். உங்கள் பெரிய அணிக்கு ஆட்களைத் தேற்றி அனுப்புகிற கீழ் அணி எங்கள் ஊரில்தான் ஆடுகிறது. அதில் எடில்சன் பாவுலினோ, எங்களுக்கு எடி, என்கிற டொமினிக்கன் பையனை உங்களுக்குத் தெரியும்; இந்தக் கோடையில் இரண்டு தடவை அவனை மேலே கூப்பிட்டு, இரண்டு தடவையும் கீழே திருப்பி அனுப்பியவர் நீங்கள்தான். இரண்டாம் தளம், மூன்றாம் தளம், நடுவில் உள்ள சந்து, எங்கே நிறுத்தினாலும் நிற்பான். எங்கள் வீட்டு மாடிக்கு வாடகைக்கு வந்தவன் மாடியோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கார்லாவுக்கும் அவனுக்கும் கல்யாணம் என்று முடிவாயிற்று. பேஸ்பால்காரர்கள் எல்லோரும் ஆட்டம் ஓய்ந்த பிறகு நவம்பரில்தானே கல்யாணம் செய்துகொள்வார்கள், உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் என்று தாங்கள் கேட்கலாம். நவம்பரில் எங்கள் வீட்டில் வேறொரு விசேஷம் இருக்கிறது. இதற்கு மேல் விளக்கம் கேட்காதிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆகவே ஜூனில் ஒரு சனிக்கிழமை குறித்தோம். ஆலயம் பேசி, மண்டபம் பேசி, அக்கார்டியன் வாசிக்கிற அண்ணன் தம்பிகளுக்கு முன்பணம் கொடுத்து, எடியின் அம்மா டோன்யா மிலாக்ரோஸ் முதன்முதலாக விமானம் ஏறி வந்து இறங்கி, ஆர்லீனின் சமையலறையை ஒரே மாலையில் கைப்பற்றி, ஆர்லீனின் அண்ணன் லாடிஸ்லாவ் மின்னசோட்டாவிலிருந்து வந்து எங்கள் சோபாவில் காலை நீட்டிய அன்று, உங்கள் இரண்டாம் தளக்காரருக்குத் தொடை பிடித்துக்கொண்டது, எடிக்குப் போன் வந்தது, போய்விட்டான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், பட்டோம். பெரிய அணியில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தாலே இங்கே ஒரு மாதம் வெயிலில் ஓடியதற்கு மேல் சம்பளம். பையன் சும்மா உட்காரவில்லை, நன்றாகவே அடித்தான். அதனால் அவனை அங்கேயே வைத்துக்கொள்வீர்கள், நாங்கள் கல்யாணத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மடத்தனமான கணக்குப் போட்டேன். ஜூலையில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

ஏன் என்று கேட்க உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கிரிஃபின் லாட்ஸ் என்று ஒரு இளைஞர் பேசினார். நல்ல பிள்ளை, குரலில் இன்னும் மீசை முளைக்கவில்லை. எங்கள் உரையாடலை அப்படியே தருகிறேன்.

"சார், எடி ரொம்ப நல்லா ஆடுறாரு."

"அப்புறம் எதுக்கு தம்பி அனுப்பிட்டீங்க?"

"நல்லா ஆடுறதால இல்ல சார், திருப்பி அனுப்ப முடியுறதால அனுப்பினோம். மத்தவங்களைக் கீழ அனுப்பினா வழியில வேற அணிக்காரன் கொத்திக்கிட்டுப் போயிருவான். எடியை யாரும் தொட முடியாது, அவரோட ஒப்பந்தம் அப்படி. எங்க வேணும்னாலும் எத்தனை நாள் வேணும்னாலும் வச்சுக்கலாம். அது எங்களுக்கு ரொம்ப வசதி சார்."

"உங்க முதல் தளக்காரர் மே மாசத்துல இருந்து பந்தைத் தொடவே இல்லையே. அவரை அனுப்பலாமே?"

"அவருக்கு இன்னும் மூணு வருஷச் சம்பளம் பாக்கி இருக்கு சார். அவ்வளவு காசு கொடுத்துட்டு உட்கார வச்சா முதலாளி கேப்பாரு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் எனக்குப் போட்டியாக டிராக்டர் விற்ற ஓட்டோ ஷ்ராம், ஊரே வாய் பிளக்கிற விலைக்கு ஓர் அறுவடை இயந்திரம் வாங்கினார். அது ஓடவில்லை. கொடுத்த காசு கொல்ல, அதைக் கடை வாசலிலேயே நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். வேலையெல்லாம் பின்னால் நின்ற ஒரு துருப்பிடித்த வண்டி செய்தது. யாராவது கேட்டால் "அது எங்கயும் போகாதுல்ல" என்பார். ஆக, ஐயா, ஓடுகிற வண்டிக்குக் கொட்டகை, ஓடாத வண்டிக்கு வாசல். இதைக் கற்க கிரிஃபின் நாலு வருடம் கல்லூரியில் படித்திருக்கிறார் என்று அறிகிறேன்.

குற்றமாகச் சொல்லவில்லை. உங்கள் காசு, உங்கள் அணி. ஆனால் கிரிஃபின் அன்றைக்கு ஒரு நல்ல செய்தியும் சொன்னார். கீழே அனுப்பப்பட்டவனைப் பத்து நாள் முடியும் வரை மறுபடி மேலே கூப்பிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்தவனுக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம் வைத்தால் கர்த்தரே வந்தாலும் தடுக்க முடியாது. எங்கள் ஊர்ப் பாதிரியார் ஹெர்மனுக்கும் இந்தத் தர்க்கம் பிடித்திருந்தது. மறுபடி பத்திரிகை அடித்தோம், தையல்காரி கார்லாவின் உடுப்பைப் பிரித்து இடுப்பில் கொஞ்சம் விட்டுத் தைத்தாள், லாடிஸ்லாவ் "எதுக்கு வீணா ஊருக்குப் போய்த் திரும்பி வரணும்" என்று சோபாவிலேயே தங்கிவிட்டார்.

யாருக்காவது அடிபட்டால் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது என்பதைக் கிரிஃபின் சொல்ல மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு விருந்து. டோன்யா மிலாக்ரோஸ் வாழைக்காயைப் பொரித்து அடுக்குகிறார், ஆர்லீன் கொலாச் ரொட்டிக்குள் பாப்பி விதைப் பூரணம் வைக்கிறாள், இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனாலும் சண்டை நன்றாகவே நடக்கிறது. அப்போது உங்கள் கோல்பி ராஸ்டன், அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற அந்த மகானுபாவர், உடை மாற்றும் அறையில் தும்மினார். ஐயா, தும்மினார். முதுகு பிடித்துக்கொண்டது. எடி கையில் இருந்த வாழைக்காயோடு காரில் ஏறினான். அங்கே போய் நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தான். ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. ஐந்தாம் நாள், அணிகள் ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் கெடு முடிகிற சமயம் என்று, முப்பத்தைந்து வயதான ஓர் ஆட்டக்காரரை, எடியைவிட மெதுவாக ஓடுகிறவரை, எடியைவிட இருபது மடங்கு கொடுத்து வாங்கி வந்தீர்கள். அனுபவஸ்தர் என்று பேப்பரில் போட்டிருந்தது. என்னத்த அனுபவம், உட்கார்ந்தா எழுந்திருக்க முடியல, அதுக்குப் பேர் அனுபவமா? மன்னிக்கவும், கடிதம் என்பதை மறந்து பேச ஆரம்பித்துவிட்டேன். எடியை மறுபடி அனுப்பிவிட்டீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை மூன்றாவது முகூர்த்தம். இம்முறை பத்திரிகையில் தேதி இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் அச்சடித்து, பென்சிலால் எழுதியிருக்கிறோம். தையல்காரி இனிமேல் பிரிப்பதற்குத் துணி இல்லை என்கிறாள். டோன்யா மிலாக்ரோஸின் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. மகன் கல்யாணத்தைப் பார்க்காமல் அந்த அம்மாள் திரும்பிப் போனால் அந்தப் பாவத்தை நீங்களும் நானும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். லாடிஸ்லாவைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை.

எனவே தாழ்மையுடன் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வரை என்ன நேர்ந்தாலும் எடியைக் கூப்பிடாதீர்கள். வேறு ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊர் அணியிலேயே க்ரெப்ஸ் இருக்கிறான். அவனுக்குக் காதலிகூடக் கிடையாது. திரு. ராஸ்டனை அதுவரை பூ, மிளகு, பூனை இவற்றிலிருந்து தள்ளி வைக்கவும். அவர் மூக்கை ஒரு தந்தையின் மானமாக நினைத்துக் காப்பாற்றவும்.

தங்கள் குலம் தழைக்கவும், கோப்பை தங்கள் வீட்டுக்கு வரவும், தங்கள் முதல் தளக்காரர் ஒரு தடவையாவது பந்தைத் தொடவும் எல்லாம் வல்ல இறைவனை வேண்டி,

தங்கள் உண்மையுள்ள,
மைலோ வோண்ட்ரா

பின்குறிப்பு: வியாழக்கிழமை காலை.

மேலே உள்ள கடிதத்தைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால், எழுதியவன் வேறு எவனோ ஒரு முட்டாள் என்று வைத்துக்கொள்ளவும்.

நேற்று ராத்திரி ஆட்டத்தில் திரு. ராஸ்டன் மறுபடி தும்மிய செய்தியை ரேடியோவில் கேட்டேன். காலையில் உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது எடியின் போன் அடித்தது. கிரிஃபின். எடி எடுக்கவில்லை. மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"போகல மாமா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்குப் போனே கிடையாது. ரெண்டு தடவை விட்டுட்டுப் போயிட்டேன். போதும்."

நான் கேட்டதெல்லாம் இதைத்தான். இருந்தும் கை சும்மா இருக்காமல் போனை நானே எடுத்தேன்.

"சார், இந்தத் தடவை பெஞ்சு இல்ல," என்றார் கிரிஃபின். "ராஸ்டனுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான். புதுசா வாங்கினவரால தினமும் ஆட முடியல, ஆள் வாங்குற கெடுவும் முடிஞ்சு போச்சு. எடி தினமும் ஆடுவாரு. இன்னிக்கு ராத்திரியே ஆடணும்."

பையனுக்குச் சொன்னேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவன், ஐயா. தினமும் ஆடலாம் என்று அவனிடம் இதுவரை யாருமே சொன்னதில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"இன்னும் நிக்கிறியா நீ?" என்றாள் கார்லா, மாடிப்படியில் இருந்தே. "இன்னிக்கு நீ போகலேன்னா சனிக்கிழமை நான் ஆலயத்துக்கு வரமாட்டேன். கல்யாணம் எங்க போயிடும்? அது என்னோட வயித்துல உக்காந்திருக்கு. அப்பா, சாவியை எடுங்க."

டோன்யா மிலாக்ரோஸுக்கு யாரும் எதையும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. நான் திரும்பியபோது கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

இதை ஒமாஹா விமான நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். பாதிரியார் ஹெர்மன் தம்மோடு படித்தவர் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்லிப் பேசி முடித்துவிட்டார். திங்கட்கிழமை உங்களுக்கு ஆட்டம் இல்லாத நாள். அன்று பதினோரு மணிக்கு, உங்கள் மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி உள்ள ஆலயத்தில் கல்யாணம். இரண்டு பஸ்ஸும் விருந்துக்கு ஒரு பன்றியும் கெல்லர்டனிலிருந்து கிளம்பிவிட்டன. லாடிஸ்லாவ் சோபாவை விட்டு எழுந்துவிட்டார். தாங்கள் குடும்பத்தோடு பெண் வீட்டார் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், கிரிஃபினையும் அழைத்து வரவும், அவருக்குச் சாப்பாடு போதவில்லை என்று குரலிலேயே தெரிகிறது.

கேட்பது ஒன்றுதான். திங்கட்கிழமை வரை என்ன நேர்ந்தாலும் எடியைக் கீழே அனுப்பாதீர்கள்.

திரு. ராஸ்டன் விரைவில் குணமடைய வேண்டி ஒரு பெரிய பூச்செண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன். அதை அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லவும்.