தங்கி அங்கிள் விடாத கைப்பிடி

ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லாத எண்ணெய்த் தொட்டிக்காகக் கட்டிய மனைவியைப் பிரிந்து, பாதி உடம்பையும் பறிகொடுத்த மனிதர் கோலாலம்பூரிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்.

மலாய் மொழியில் தொட்டிக்குத் 'தங்கி' என்று பெயர். எந்த வேலையிலும் தங்காத அந்த மனிதரை மொத்த மாடியும் தங்கி அங்கிள் என்றுதான் கூப்பிட்டது. லோரி ஓட்டினார், ஏர்கோன் பழுது பார்த்தார், செக்யூரிட்டியாக நின்றார். எல்லா முதலாளிகளும் ஒரே காரணத்துக்காகத்தான் அவரை அனுப்பினார்கள்: ஆள் வேலை நேரத்தில் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அவருடைய பித்து, கம்பி விமானம். முழங்கை நீளம்தான் இருக்கும். அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் நீண்டு, வட்டத்தின் நடுவில் நிற்பவரின் கைப்பிடியில் முடியும். எஞ்சினைக் கிளப்பி விட்டால் அவரைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். யாருடையது வேகம் என்பதுதான் போட்டி. நெடுஞ்சாலையில் எந்தக் காரும் போகத் துணியாத வேகம். நிறுத்த சுவிட்ச் கிடையாது. தங்கி காலியானால்தான் நிற்கும்.

"எஞ்சின எவன் வேணும்னாலும் கடையில வாங்கலாம் தம்பி. தங்கிதான் லா முக்கியம்" என்பார்.

முதலில் பிளாஸ்டிக் புட்டி வைத்தார். அதிர்வில் எண்ணெய் நுரைத்து எஞ்சின் இருமியது. பிறகு ரப்பர் பலூனில் எண்ணெயை அடைத்தார். எஞ்சின் அருமையாகப் பாடியது, ஒருநாள் பலூன் அவர் முகத்திலேயே வெடிக்கும்வரை. "நல்ல தங்கிதான், கோவம் ஜாஸ்தி" என்று சிவந்த கண்ணோடு தீர்ப்புச் சொன்னார். கடைசியில் பிஸ்கட் டின்னை வெட்டி, ஈயம் பற்றவைத்துத் தகரத் தங்கி செய்தார். விமானம் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக ஒதுங்கும். ஆகவே உறிஞ்சும் குழாயின் வாய் வெளிச்சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைக் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொன்னார்.

சொல்லக்கூடாத இடத்திலும் சொன்னார். கிள்ளானில் அவருடைய மாமனார் இறந்துபோனார்; நானும் கூடப் போயிருந்தேன். மைத்துனர் தோளில் நீர்க்குடத்தோடு உடலைச் சுற்றி வருகிறார். பின்னால் வந்தவர் குடத்தில் ஓட்டை போடுகிறார். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள். நடுவே அங்கிளின் குரல்:

"மச்சான், ஓட்டய உள்பக்கம் போட்டுட்டாங்க லா! சுத்துறப்ப தண்ணி வெளிப்பக்கந்தான் ஒதுங்கும். அந்தப் பக்கம் போடச் சொல்லு!"

அழுகை சட்டென்று நின்றது. அவர் மனைவி சரோஜா அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். கருமாதி முடிந்ததும் அக்கா வீடு திரும்பவில்லை. பந்திங்கில் இருக்கும் மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

"நான் சொன்னதுல என்ன தப்பு தம்பி?" என்று அங்கிள் என்னிடம் கேட்டார். கணக்குப்படி தப்பே இல்லை.

அதன்பின் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்த அழுத்த மாத்திரையை மறந்தார், தகரத்தை மட்டும் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு திடலுக்குப் போனோம். எஞ்சின் கிளம்பும்வரை விமானத்தைப் பிடித்திருந்து, பிறகு கையை விடுவது என் வேலை. அங்கிள் இரண்டு தங்கிகளைப் புல்லில் வைத்து வெகுநேரம் பார்த்தார். சின்னது எடை குறைவு; ஆனால் வேகம் ஏறி நிலைக்கும் முன்பே தீர்ந்துவிடும். பெரியது நீண்ட நேரம் ஓடும். ஆனால் அவ்வளவு நேரமும் அவரும் சுழல வேண்டும்.

"பெருசு" என்றார்.

"அங்கிள், தலை சுத்துதுன்னு நேத்துதானே சொன்னீங்க?"

"சுத்தத்தானே வந்திருக்கோம்?"

விமானம் அலறிக்கொண்டு கிளம்பியது. வேகம் ஏறி, குரல் மெலிந்து, ஒரே சீராக வந்த நேரத்தில் அங்கிளின் இடது கால் மடங்கியது. ஒற்றை முழங்காலில் விழுந்தார். கைப்பிடியை விட்டால் விமானம் கம்பியோடு பிய்த்துக்கொண்டு நேராகப் பாயும். திடலின் ஓரத்தில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் விடவில்லை. முழங்காலிலேயே சுழன்றார்.

நான் கம்பிக்கு அடியில் குனிந்து ஓடி, பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டித் தூக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து சுழன்றோம். இடது கால் தரையில் இழுபட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை மட்டும் விறைத்து நின்றது.

"வுட... மாட்டே..." என்றார்.

அந்தத் தங்கியைச் சபித்ததுபோல் நான் வேறெதையும் சபித்ததில்லை. தீரவே மாட்டேன் என்றது. ஒரு இருமல் இல்லை, திணறல் இல்லை. கடைசிச் சொட்டுவரை அப்படியொரு சீர். அவர் வாழ்நாளில் செய்த தங்கிகளிலேயே சிறந்தது அதுதான். எஞ்சின் நின்று, விமானம் வயிற்றால் தரையை உரசி நின்ற பிறகுதான் நாங்கள் விழுந்தோம்.

பக்கவாதம் என்றார்கள். இப்போது செலாயாங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுத்திருக்கிறார். செய்தி கேட்ட அன்றே சரோஜா அக்கா பந்திங்கிலிருந்து வந்துவிட்டார். ஆனால் அங்கிள் யாரையும் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். பேசவில்லை, கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை.

"எங்கிட்டத்தான் பேசல. நீங்களாச்சும் ஏதாவது பேசிப் பாருங்க தம்பி" என்றார் அக்கா.

எனக்கு என்ன பேசத் தெரியும்? அருகில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தேன்.

"அங்கிள், தங்கிய எஞ்சினுக்கு மேல ஒசரமா வெச்சா, வீட்டுத் தண்ணித் தொட்டி மாதிரி எண்ணெய் தானா இறங்குமே?"

சுவரைப் பார்த்திருந்த தலை திரும்பியது. கண் சிவந்தது.

"மு... முட்டாள்! எஞ்சின்... மூழ்கிடும் லா!"

திட்டுவதற்குத் திறந்த வாயில் சரோஜா அக்கா ஒரு கரண்டிக் கஞ்சியை ஊட்டிவிட்டார். அவர் விழுங்கிவிட்டு மறுபடி திட்டினார். அக்கா மறுபடி ஊட்டினார்.

அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் செலாயாங் போகும் வழியெல்லாம் புதிதாக ஒரு தப்பை யோசித்துக்கொண்டே போகிறேன்.