நுங்கு டாக்டர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் நுங்குக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த ஒரே ஆள் எங்கள் நுங்கு டாக்டர்தான். வைத்தியம் தெரியாது, இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய அபிராமத்துக்காரர். நான் டெக்னீஷியனாக இருக்கும் சென்டருக்கு, முதலாளியிடமும் மிஷின் கம்பெனியிடமும் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்.

முதல் நாள் கையில் லேப்டாப், தோளில் ஒரு குலை நுங்கு. அவசர ஸ்கேனுக்கு வந்திருந்த காரங்காட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏந்தம்பி, நுங்குக்கு என்ன சீக்கு?"

சீக்கு மிஷினுக்குத்தான். படம் எடுக்கும் முறையை ஒவ்வொரு கம்பெனியும் பூட்டி வைத்திருக்கிறது. ஒரே ஆளை இங்கே எடுத்த படமும், மதுரையில் வேறு கம்பெனி மிஷினில் எடுத்த படமும் ஒத்துப்போவதில்லை. எந்த மிஷினிலும் ஒரே மாதிரி ஓடும் முறையை எழுதி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சோதிக்க நுங்குதான் வசதி. உள்ளே நீர் நிறைய. படம் பளிச்சென்று விழும். அசையாது. எப்போது முடியும் என்று கேட்காது.

காலையில் இங்கே படுத்த நுங்கு, மத்தியானம் அவரோடு மதுரை பஸ் ஏறும். ஆசையாக ஒரு காய் கேட்ட கண்டக்டரிடம், டெஸ்ட் இன்னும் முடியவில்லை என்று சொல்லி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாராம்.

மாதக்கணக்கில் இரண்டு படங்களும் ஒத்துவரவில்லை. எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார்:

"எங்க அய்யாவுக்குத் தலையில கட்டிண்ணே. ஒரு எடத்துல வளந்துருச்சுன்னாக. இன்னொரு எடத்துல அப்படியேதான் இருக்குன்னாக. கட்டி மாறுச்சா, மிஷின் மாறுனதால படம் மாறுச்சான்னு சொல்ல ஆளில்ல. ஆபரேசன் பண்ணவா வேணாமான்னு தெரியாமலே போயிட்டாரு."

அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டதில்லை.

ஒரு மிஷின் படத்தைத் தானாகவே மெருகேற்றி அனுப்புவதை ஒருவழியாகக் கண்டுபிடித்தார். அந்த வேலையையும் தன் முறைக்குள்ளேயே கொண்டுவந்ததும் நுங்குப் படங்கள் ஒத்துப்போயின. அடுத்து மனிதத் தலை வேண்டும். அதற்கும் முறையான அனுமதி வந்த அன்று, சென்டரில் எல்லோருக்கும் திடீரென்று வேலை முளைத்தது. நான் படுத்தேன்.

ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ பேரை உள்ளே அனுப்பியவன் நான். தலைக்கு மாட்டும் கூண்டு முகத்துக்கு மேல் மூடியதும், கையில் கொடுத்திருந்த அழைப்பு மணியை அமுக்கிவிட்டேன். கம்ப்யூட்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார்.

"அசையாதீகண்ணே. நான் இங்கனதான் நிக்கிறேன்."

பிறகு மதுரையிலும் போய்ப் படுத்துவிட்டு வந்தேன். படங்கள் ஒத்துப்போயின. இன்று அவர் முறையை எங்கெங்கோ ஓட்டுகிறார்கள். அவரும் வேறு ஊர் போய்விட்டார். எனக்கு அந்தப் படங்கள் அவ்வளவாக நினைவில்லை. மிஷினின் அத்தனை இரைச்சலுக்குள்ளும், சத்தம் ஓயும்வரை என் கால் பெருவிரலை விடாமல் பிடித்திருந்த கைதான் நினைவிருக்கிறது.